ஏடு பெயர்த்தலும் வலைப்பூ பெயர்த்தலும்

பழந்தமிழ் நூல்கள் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பதற்கு அவற்றை இயற்றிய புலவர்கள் மட்டும் காரணமல்லர். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பூச்சி அரிப்பிலும் பனையோலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவது அபூர்வம். ஓலை நைந்துபோகும் முன்னே யாரோ ஒருவர் எழுத்தாணியோடு உட்கார்ந்து, வரி வரியாகப் பார்த்து, புதிய ஓலையில் பெயர்த்தெழுதியிருக்கிறார். அந்த ஓலையும் நைந்தபோது இன்னொருவர் அதே வேலையைச் செய்திருக்கிறார். இந்தச் சங்கிலி எங்கே அறுந்ததோ அங்கே நூலும் போயிற்று. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றினாரே, அதுவும் ஒரு வகையில் பெயர்த்தெழுதும் வேலைதான், ஓலையிலிருந்து தாளுக்கு.

இக்கட்டுரை ஓலையைப் பற்றியதன்று. சொந்தமாக வலைப்பூ வைத்திருப்பவர்கள் அதை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்கு மாற்றும் வேலையைப் பற்றியது. "இது கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டை ஒட்டித் தமிழில் வலைப்பூ எழுதும் பழக்கம் பரவியபோது, தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்களும் அதில் ஆர்வமாக இறங்கினார்கள். பாட்டி சொன்ன ஊர்க்கதை, குலதெய்வக் கோயில் வழிபாடு, மாற்றலாகிப் போன ஊர்களின் அனுபவம், வீட்டுச் சமையல் குறிப்பு எனப் பலவும் அங்கே பதிவாயின. இவற்றில் பெரும்பகுதி அச்சில் வரவே இல்லை. அந்த வலைப்பூ காணாமற்போனால் வேறு படி கிடையாது. ஆகவே இந்தப் பெயர்ப்பு வேலையின் வரலாற்றை அறிந்துகொள்வது நமக்கும் பயன்படும்.

தொடக்கத்தில் எல்லாம் கோப்பு

1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வையவிரிவு வலையைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தபோது, வலைப்பக்கம் என்றால் அது ஒரு கோப்பு, அவ்வளவுதான். எழுதி சர்வரில் வைத்தால் கேட்பவர்க்கெல்லாம் அதையே அனுப்பும். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் போன்ற சேவைகள் சாதாரண மக்களுக்கும் அதற்கு இடம் கொடுத்தன. பத்துப் பக்கம் இருக்கும்வரை சிரமமில்லை. நூறு பக்கம் ஆனதும், தலைப்பில் ஒரு வரி மாற்ற நூறு கோப்பையும் திறக்க வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லைக்குத் தீர்வாக வந்தவையே வலைப்பூ மென்பொருள்கள். 1999 ஆகஸ்டில் ப்ளாகர் வந்தது. 2001 அக்டோபரில் பென் ட்ராட், மீனா ட்ராட் தம்பதியர் மூவபிள் டைப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். பெயர்த்து அடுக்கும் அச்செழுத்தை நினைத்து வைத்த பெயர் அது. பதிவை நீங்கள் எழுதுவீர்கள். பக்கங்களை ஆக்கிக் கோப்பாக வைப்பது அதன் வேலை. பதிவுகள் பெருகப் பெருக, ஒரு சின்ன மாற்றத்துக்கும் எல்லாப் பக்கங்களையும் மறுபடி ஆக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டி வந்தது.

2003 மே மாதத்தில் வேர்ட்பிரஸ் வந்தது. இதன் வழி வேறு. இங்கே பக்கம் என்று எதுவும் முன்கூட்டி இருக்காது. எழுத்தெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். வாசகர் வந்து கேட்கும்போதுதான் பக்கம் தயாராகும். நம் பாஷையில் சொன்னால், ஆர்டர் சொன்ன பிறகு கல்லில் வார்க்கும் தோசை இது. பழைய முறையோ தீபாவளிக்கு முன்பே முறுக்கைச் சுட்டு டப்பாவில் அடைத்து வைப்பது போன்றது. தோசை சுடச்சுடக் கிடைக்கும், ஆனால் அடுப்பு எந்நேரமும் எரிய வேண்டும், ஆளும் நிற்க வேண்டும். முறுக்குக்கு அந்தக் கவலை இல்லை.

2004 மே மாதத்தில் மூவபிள் டைப் தன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது உரிம விதிகளையும் கட்டணத்தையும் மாற்றியது. பல வலைப்பூக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேர்ட்பிரஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். தனி வலைப்பூக்களின் வரலாற்றில் முதல் பெரிய குடிப்பெயர்ச்சி என்று அதைச் சொல்லலாம். அவர்களைக் காப்பாற்றியது ஒரு சின்ன வசதி: மூவபிள் டைப் தன்னிடமிருந்த பதிவுகளையெல்லாம் ஒரே சாதாரண உரைக்கோப்பாக இறக்கிக் கொடுக்கும், வேர்ட்பிரஸ் அதைப் படித்து ஏற்றுக்கொள்ளும். கதவு பூட்டப்படாமல் இருந்ததால் மூட்டை முடிச்சோடு வெளியே வர முடிந்தது.

கடை மூடியபோது

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. ஜியோசிட்டீஸை 1999இல் வாங்கிய யாஹூ, 2009 அக்டோபரில் அதை மூடியது. ஜப்பானியக் கிளை மட்டும் 2019 வரை நீடித்தது. அறிவிப்பு வந்தபின் ஜேசன் ஸ்காட் முதலான தன்னார்வலர்கள் இரவு பகலாக இறக்கிச் சேமித்த படிகளால்தான் அதில் ஒரு பகுதியாவது மிஞ்சியது. 2008இல் தொடங்கி மிக எளிமையான வலைப்பூச் சேவை என்று பெயரெடுத்த போஸ்டரஸை 2012இல் ட்விட்டர் நிறுவனம் வாங்கியது. 2013 ஏப்ரல் முடிவில் அதுவும் மூடப்பட்டது. ப்ளாகர் மூடப்படவில்லை. ஆனால் ஆக்கிய பக்கங்களை எழுதுபவரின் சொந்த சர்வரில் கொண்டுபோய் வைக்கும் அதன் பழைய எஃப்.டி.பி. வசதி 2010இல் நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் அவசரமாக வேறு ஏற்பாடு தேட வேண்டியதாயிற்று.

நம்மில் பலர் வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்கள். வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு நாள் "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்பார் என்று நமக்குத் தெரியும். ஆகவே எதைத் தூக்கிப் போக முடியும் என்பதை மனத்தில் வைத்தே சாமான் வாங்குவோம். வலைப்பூ எழுதுபவர்கள் அந்தப் பாடத்தை மெல்லக் கற்றார்கள்.

மீண்டும் கோப்புக்கே

2004இல் ஜான் க்ரூபர், ஆரன் ஸ்வார்ட்ஸின் உதவியோடு மார்க்டவுன் என்ற எழுத்துமுறையை வெளியிட்டார். கடிதம் எழுதுவது போலச் சாதாரணமாக எழுதி, தலைப்புக்கு ஒரு குறி, அழுத்தத்துக்கு ஒரு குறி இட்டால் போதும். கணினி அதை வலைப்பக்கமாக மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டாலும் மனிதர் படிக்கலாம், நோட்பேடிலேயே திறக்கலாம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒரு கோப்பில் எப்போது எது மாறியது என்று கணக்குப்பிள்ளை போல அது குறித்து வைக்கும்.

இவ்விரண்டையும் இணைத்து 2008 நவம்பரில் கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் ஜெக்கில் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். இத்தகைய கருவியை ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்பார்கள்; நாம் 'நிலைப்பக்க ஆக்கி' என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவுகள் ஓர் அடைவில் மார்க்டவுன் கோப்புகளாக இருக்கும். பக்கத்தின் அச்சு, அதாவது டெம்ப்ளேட், இன்னோர் அடைவில் இருக்கும். ஆக்கி இரண்டையும் சேர்த்து முழு வலைத்தளத்தையும் கோப்புகளாகச் சுட்டுக் கொடுத்துவிடும். டேட்டாபேஸ் வேண்டாம், உடைத்து உள்ளே வருவதற்குப் பின்கதவும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் கிட்ஹப் இத்தளங்களை இலவசமாக வைத்துக்கொள்ள இடமும் கொடுத்தது. பழைய முறுக்கு டப்பாவுக்கே திரும்பினார்கள். இம்முறை அரிசி மாவு தனியே, அச்சு தனியே.

ஜெக்கிலும் குறையற்றதன்று. அது ரூபி என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. ரூபியையும் அதன் துணைப் பொதிகளையும் கணினியில் சரியாக நிறுவுவது பலருக்குத் தலைவலி. விண்டோஸில் ஓடுமே தவிர, விண்டோஸை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை என்று அதன் கையேடே சொல்கிறது. பதிவு ஆயிரத்தைத் தொட்டால் ஆக்கும் நேரமும் நீளும்.

2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியா ஹியூகோ என்ற ஆக்கியை வெளியிட்டார். இதை எழுதிய மொழி கோ. 2009இல் கூகிள் வெளியிட்டது. கோ மொழியை வடிவமைத்த மூவரில் கென் தாம்ப்ஸன், ராப் பைக் ஆகிய இருவருமே 1992இல் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையை வகுத்தவர்கள். இன்று இணையத்தில் நாம் படிக்கும் தமிழ் பெரும்பாலும் அந்த முறையில்தான் வருகிறது. ஹியூகோ ஒரே ஒரு கோப்பு. இறக்கி வைத்தால் ஓடும். வேகமும் அதிகம். ஜெக்கில் வலைப்பூவை உள்ளே எடுத்துக்கொள்ளத் தனிக் கட்டளையே அதில் உண்டு. ஆகவே ஜெக்கிலிலிருந்து ஹியூகோவுக்குப் பலர் மாறினார்கள்.

கருவிகளின் வரிசை அதோடு நிற்கவில்லை. 2015இல் வந்த கேட்ஸ்பி சில ஆண்டுகள் எங்கும் பேசப்பட்டது. 2023இல் அந்நிறுவனத்தை நெட்லிஃபை வாங்கியபின் அதன் வளர்ச்சி மந்தமாயிற்று. மார்க்டவுனில் எழுதி வைத்திருந்தவர்கள் அடுத்த கருவிக்குப் போக அதுவும் ஒரு காரணமாயிற்று.

பெயர்க்கும்போது சிந்துவது எது?

ஏடு பெயர்ப்பவர் கை தவறினால் பாடபேதம் உண்டாகும். இங்கும் அப்படித்தான். "கட்டளை கொடுத்தாச்சு, எல்லாம் வந்துடுச்சு" என்று எழுந்துவிடக் கூடாது.

முதலாவது, அச்சு வராது. ஜெக்கிலின் டெம்ப்ளேட் மொழி வேறு, ஹியூகோவின் டெம்ப்ளேட் மொழி வேறு. எழுத்து அப்படியே வரும், பக்கத்தின் தோற்றத்தைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, மார்க்டவுன் என்று பெயர் ஒன்றானாலும் அதைப் படிக்கும் மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கு வேறுபடும். ஹியூகோ 2019 நவம்பரில் தன் பழைய மார்க்டவுன் பொறியை விட்டு கோல்ட்மார்க் என்ற புதிய பொறிக்கு மாறியது. பதிவின் நடுவே எச்.டி.எம்.எல். குறிகளை நேரடியாக எழுதியிருந்தால், பாதுகாப்புக் கருதி புதிய பொறி அவற்றை விட்டுவிடும். வேண்டுமென்றால் அமைப்பில் நாம்தான் அனுமதி கொடுக்க வேண்டும். எழுதியவர் எதையும் தொடவில்லை. ஆனாலும் படமும் அட்டவணையும் பக்கத்திலிருந்து மறைந்திருக்கும்.

மூன்றாவது, முகவரி. முகவரியை மாற்றாதீர்கள் என்று டிம் பெர்னர்ஸ்-லீயே 1998இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கருவி முகவரியில் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் சேர்க்கும். இன்னொன்று தலைப்பை மட்டும் வைக்கும். மாறிவிட்டால், பிறர் தம் கட்டுரையில் கொடுத்திருந்த சுட்டிகள் எல்லாம் வெறும் சுவரில் போய் முட்டும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் வசதி ஹியூகோவில் உண்டு. அதை ஒவ்வொரு பதிவுக்கும் நாம் எழுதி வைக்க வேண்டும். வீடு மாறியவர் தபால்காரரிடம் புது விலாசம் சொல்லி வைப்பது போலத்தான்.

நான்காவது நமக்கே உரிய சங்கடம். தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது சில கருவிகள் எழுத்து அல்லாதவற்றையெல்லாம் கழித்துவிடும். ஆங்கிலத்தில் காற்புள்ளியும் கேள்விக்குறியும் போகும், நட்டமில்லை. தமிழில் உயிர்மெய்க் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் கணினி தனி வகையாக வைத்திருப்பதால், விவரம் தெரியாத கருவி அவற்றையும் கழித்துவிடும். 'தமிழ்' என்பது 'தமழ' ஆகும். 'கல்', 'கால்', 'கலை' மூன்றும் 'கல' என்றே நிற்கும். மூன்று பதிவுக்கும் ஒரே முகவரி!

இதைப் படிக்கும்போது ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று புள்ளியிடாமலே எழுதிய வழக்கம் நம்முடையது. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு காட்டாமலும் எழுதினார்கள். எங்கே மெய், எங்கே உயிர்மெய் என்று ஊகித்துப் பதிப்பிப்பதற்குள் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. தமிழ் அறியாத ஒரு கணினி நிரல், தனக்கே தெரியாமல் அந்தப் பழைய சிக்கலைத் திரும்பக் கொண்டுவருகிறது.

நன்றாகச் செய்யும் கருவிகளிலும் ஒரு நீளப் பிரச்சினை உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். முகவரியை வேறிடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் புள்ளியும் கொக்கியும் சேர்த்து ஐந்து குறிகள். ஆக 45 எழுத்து. இதற்காகவே பலர் தலைப்பைத் தமிழிலும் முகவரியை ரோமன் எழுத்திலும் வைத்துக்கொள்கிறார்கள்.

தமிழுக்கு இரட்டைப் பெயர்ப்பு

ஆங்கில வலைப்பூக்காரர்கள் கருவியை மாற்றினார்கள். தமிழர்கள் அதற்கு முன்பே எழுத்துக் குறியீட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 1990களில் பத்திரிகைத் தளங்கள் பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. அதை இறக்காதவர்க்கு எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் கூடி விவாதித்து உருவாக்கியது டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீடுகளை ஏற்றது. 1991இல் வெளியான யூனிகோடில் தமிழும் இருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரணக் கணினிகளில் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும், அத்துடன் டேஸ்-16 என்ற முறையையும் தரமாக அறிவித்தது.

ஒரு குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எழுத்துக்கு எழுத்து ஈடு வைக்கும் காரியமாக இல்லை. டிஸ்கியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு, கண்ணால் காணும் வரிசையிலேயே சேமிக்கப்படும். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. ஆகவே வரிசையையும் திருப்ப வேண்டும். இந்த வேலையைச் செய்ய பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகளைத் தமிழர்களே செய்து இலவசமாகக் கொடுத்தார்கள்.

இதற்குச் சிறந்த உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஸ்விட்சர்லாந்தில் இருந்தபடி தொடங்கிய அந்த மின்னூல் பணி, டிஸ்கியில் நூல்களை வெளியிட்டது. பிறகு யூனிகோடு நிலைபெற்றதும் நூல்களை அதற்கு மாற்றியது. கருவிகள் போயின, குறியீடு போயிற்று, நூல்கள் நிற்கின்றன. காரணம், அவற்றை எந்த ஆடம்பரமும் இல்லாத உரையாக வைத்திருந்ததும், பெயர்த்தெழுத ஆட்கள் இருந்ததும்தான்.

நாம் செய்யத்தக்கது

கருவி மாற்றுவதையே பொழுதுபோக்காகக் கொண்டு எழுதுவதை நிறுத்திவிட்டவர்களும் உண்டு. "புதுசா ஒண்ணு வந்திருக்காம்" என்பது மாறுவதற்குக் காரணமாகாது. இருக்கும் கருவியைப் பராமரிப்பவர் கைவிட்டுவிட்டார், புதுக் கணினியில் அது ஓட மறுக்கிறது, சேவை மூடப்படுகிறது என்ற நிலை வந்தால் மாறத்தான் வேண்டும். ப்ளாகர் போன்ற சேவையில் எளிதாக எழுதிக்கொண்டிருக்கும் பெரியவர்களை ஹியூகோ கற்றுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவதும் வேண்டாம். அங்கிருந்து பதிவுகளை இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. வீட்டில் ஓர் இளையவர் ஆண்டுக்கொரு முறை இறக்கி வைத்தால் போதும்.

நிலைப்பக்கத்துக்கு மாறியவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. தளத்தின் பெயருக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். எழுதியவர் காலமானால், கட்ட ஆளில்லாமல் பெயர் போய்விடும், சர்வரும் அப்படியே. ஆனால் மார்க்டவுன் கோப்புகள் அடங்கிய அடைவு ஒரு பென் டிரைவில் இருந்தால், எந்தக் கணினியிலும் திறக்கும். பேத்தி ஒரு நாள் தமிழ் கற்றுக்கொண்டு தாத்தா எழுதியதைப் படிக்க விரும்பினால், பாஸ்வேர்டு தெரியவில்லையே என்று திகைக்க வேண்டியதில்லை.

இதே கேள்வி நம்முடையதைப் போன்ற சங்கங்களுக்கும் உண்டு. 1990களிலும் 2000களிலும் வந்த சங்க மலர்களில் பல, பேஜ்மேக்கரில் ஏதோ ஓர் எழுத்துருவில் கோக்கப்பட்டவை. பேஜ்மேக்கரை மேற்கொண்டு வளர்ப்பதை அடோபி நிறுவனம் 2004இல் நிறுத்திவிட்டது. அந்தக் கோப்புகள் யார் வீட்டு சிடியிலாவது இருக்கலாம். திறந்து, குறியீட்டை மாற்றி, கட்டுரைக்குக் கட்டுரை ஆசிரியர் பெயரும் ஆண்டும் இட்டு, சாதாரண யூனிகோடு உரையாகச் சேமித்தால் அவை பிழைக்கும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். அந்த எழுத்துரு எதுவென்று நினைவிருக்கும் ஒருவர், மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த ஒருவர், கணினி தெரிந்த ஒருவர், மூவர் போதும். முதலாமவர் பெரும்பாலும் மூத்த உறுப்பினராக இருப்பார். அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடிய காலத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.